ஏழாவது பேனா

1984இல், வலிப்பு வரும் என் வீட்டுக்காரரை அரியலூரில் நடந்த மருத்துவ முகாமுக்கு அழைத்துப்போனேன். தலையில் ஒயர்களை ஒட்டினார்கள். எட்டுப் பேனாக்கள் மூளையின் ஓட்டத்தைக் காகிதத்தில் வரைந்தன.

"பேச்சுக் குடுங்கம்மா," என்றார் ஆபரேட்டர்.

"சாந்தா வந்திருக்கேங்க," என்றேன். பேனாக்கள் முன்போலவே ஓடின.

செத்துப்போன என் அக்காதான் அவருக்கு மூத்த தாரம். வேண்டுமென்றே அவள் பெயரைச் சொன்னேன்: "ரத்தினம்மா."

ஏழாவது பேனா துள்ளியது. மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அதே பேனா.

"வலிப்பு கெளம்புற எடம் தெளிவாத் தெரிஞ்சிடுச்சு," என்று ஒயர்களைக் கழற்றி ஆணியில் மாட்டிய ஆபரேட்டர், வீட்டுக்காரரை வெளியே அழைத்துப்போனார். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் அங்கதான் குந்தியிருக்கியா, ரத்தினம்மா?" என்றேன்.

ஏழாவது பேனா துள்ளியது.

பிறகு என் பெயரைச் சொன்னேன். எட்டுப் பேனாக்களும் நேர்கோடு போட்டன.