நாலு கட்டம்

பாளையங்கோட்டை மார்க்கெட் எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடை. மதிய வெயில் கண்ணாடிக் கதவைச் சுடுகிறது. போன வாரம் வாங்கிய கம்ப்யூட்டரைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் ஓடவிட்டிருக்கிறாள் ஜெமிமா. நாளை துப்பாக்கிச் சுடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் அவளுக்கு இறுதிப் போட்டி. எதிரி தலைகாட்டும் போதெல்லாம் ஆட்டம் உறைந்துவிடுகிறது. கடைக்காரர் குமரகுருபரன், மிஷின் வேலை செய்யும் அளவைக் காட்டித் திரையில் துடிக்கும் நான்கு கட்டங்களை விரலால் தட்டுகிறார். "நாலு கட்டம், நாலு கோர், மிஷினுக்கு நாலு மூளை. சுடத் தெரியாம மிஷின் மேல பழி போடுதியே பிள்ள." ஜெமிமா பல்லைக் கடிக்கிறாள். "கீழ வாசிங்க அண்ணாச்சி. கோர் ரெண்டுன்னு போட்டிருக்கு. ஒவ்வொண்ணும் ரெட்டை வேஷம் கட்டி நாலு கட்டமாத் தெரியுது. நாலு கோர்னு சொல்லித்தான வித்தீங்க?" அவர் சட்டென்று திரையை அணைக்கிறார். "பில்லுல அப்படி ஒண்ணும் எழுதலையே." மேலே மின்விசிறி கடகடக்கிறது. பின்னால் நிற்கும் ஞானையா வாத்தியார், இதே கடையில் சற்றுமுன் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரைப் பைய மேசைமேல் வைக்கிறார். "இதையும் போட்டுக் காட்டும்வே."