அராஸ் கரையின் பொந்துகள்

ஜூலை மாதக் காலை வெயிலில், வறண்ட வெளியின் நடுவே, அராஸ் நதியின் மண்கரை பொன்னாக மின்னுகிறது. கரையெங்கும் தேனீ தின்னும் பஞ்சுருட்டான் பறவைகளின் பொந்துகள். மேலே நீலமும் மஞ்சளுமாக அவை சுழல்கின்றன. தேனீ வளர்க்கும் ஹமாஸ்ப் அந்தப் பொந்துகளை அடைக்கக் குழைத்த களிமண்ணோடு வந்து நிற்கிறார். “பாதித் தேனீப் பெட்டி காலி. திருட்டுப் பயலுங்க!” என்று பறவைகளைத் திட்டுகிறார். “நாம மட்டும் தேனீகிட்ட கேட்டுட்டா தேன் எடுக்கிறோம்?” என்று சிரிக்கிறார் மனைவி நாஸெலி. “உள்ள குஞ்சு இருக்கான்னு பாத்துட்டு அடை, ஹமாஸ்ப் ஜான்” என்கிறார் செல்லமாக. ஹமாஸ்ப் முணுமுணுத்தபடி ஒரு பொந்துக்குள் தோள்வரை கையை நுழைக்கிறார். இருட்டுக்குள் இளஞ்சூடான ஓர் அலகு, இரை என்று நினைத்து, அவர் விரலைக் கவ்வுகிறது. அவர் அசையவில்லை. மறுகையிலிருந்து களிமண் நழுவி விழுகிறது. “ஆண்டவரே” என்கிறார், மெல்ல. தாய்ப்பறவை அவர் முகத்துக்கு எதிரே சிறகடித்து நிற்கிறது. அலகில் அவருடைய தேனீ. ஹமாஸ்ப் கையை உருவிக்கொண்டு, ஒதுங்கி, அதற்கு வழிவிடுகிறார்.