ஒரு எழுத்தும் மாறவில்லை

ஓசூர் தொழிற்சாலையின் ஏழாம் எண் பிரஸ் மெஷினில் சுகுணா நசுங்கி இறந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. ‘பாதுகாப்பு சென்சார் சரியாக உள்ளது’ என்று அவள் இறந்த நாள் காலையில் பதிவாகியிருந்தது. கீழே பராமரிப்பு இன்ஜினீயர் பிரதாப்பின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தது.

பதிவுகளையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் வைத்துப் பராமரிப்பது ஒரு பெங்களூர் கம்பெனி. அங்கிருந்து லேப்டாப்புடன் ஜெகதீஷ் வந்திருந்தான்.

“உங்க ஆளுங்கதான் பதிவுல எதையோ மாத்தியிருக்காங்க,” என்றார் மேனேஜர் குருமூர்த்தி.

“ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கையெழுத்து ஒத்துப்போகாது சார். இப்பவே தெரிஞ்சிடும்.”

பிரதாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்துப்போகாவிட்டால் பழி பெங்களூர் கம்பெனிக்கு. ஒத்துப்போனால் அவனுக்கு.

“ஒத்துப்போகுது,” என்றான் ஜெகதீஷ்.

குருமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். “தம்பி, ஒத்துப்போகலைன்னு எழுதிக் குடுத்துடேன். பிரதாப் தாங்க மாட்டான்பா.”

“நல்லா இருக்கே சார்! உங்க ஆளைக் காப்பாத்த எங்க தலையில கட்டறீங்களா?”

“உள்ளபடியே எழுதுங்க,” என்றான் பிரதாப். “அன்னிக்கு நான் மெஷின் பக்கமே போகல. சீட்டுல உக்காந்தபடியே சரின்னு போட்டுட்டேன்.”

ஜெகதீஷுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எப்படிங்க இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க? அந்தம்மாவோட வீட்டுக்காரர் வந்து ‘ஏன்டா சரின்னு போட்டே?’ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

குருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

“தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்,” என்றான் பிரதாப். “சுகுணா என் பொண்டாட்டி.”