திரையில் ஒரு சிவப்புக் கட்டம்

“பீப்... பீப்... பீப்...”

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் ஒரு கட்டம் சிவப்பாகி அலறியது. மேலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பரபரப்பு’.

“டைரக்டர் வர்ற நேரம் பார்த்தா இது கத்தணும்? சிவப்பைப் பார்த்தார்னா என் சீட்டு கிழிஞ்சுது!”

“பதறாதீங்க சார்” என்றாள் ஜாவா சர்வரைக் கவனிக்கும் இன்ஜினீயர். அறையில் எல்லோருக்கும் அவள் ‘ஜாவாக்கா’. “இந்தச் சிவப்புக் கட்டம், போன் பேச்சைப் பதிவு பண்ற காம்பொனென்ட். அது திணறுது. டிஸ்க் நிரம்பிடுச்சு, அவ்வளவுதான். கீழே போய் இடம் பண்ணிட்டு வரேன்.”

“பேசாம அதை நிறுத்திட்டா?”

“ஐயோ, கை வெச்சுடாதீங்க! ஒண்ணை நம்பி இன்னொண்ணு ஓடுது. நீங்க ஒண்ணை நிறுத்தினா, இதையெல்லாம் ஓட்டுற கன்டெய்னர் புரோகிராம் அதை நம்பினதையும் சேர்த்துப் படுக்க வெச்சுடும்.”

அவள் படியிறங்கி ஓடினாள். மேலாளர் வாசலுக்கும் திரைக்குமாக நடந்தார். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“கொஞ்ச நேரம் நின்னா என்ன, குடியா முழுகிடும்?”

மவுஸைப் பிடித்து ‘நிறுத்து’ என்பதை அழுத்தினார். அலறல் அடங்கியது. நின்றுபோனவை திரையிலிருந்து மறைய, மிச்சமிருந்த கட்டங்கள் அத்தனையும் பச்சை.

டைரக்டர் உள்ளே வந்தார். ஒவ்வொரு மேஜையாக நின்று பார்த்தார், பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார், காபி குடித்தார். நான்கு ஊழியர்களும் ஹெட்போனோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“சபாஷ்! ஒரு சிவப்பு இல்லை. நான் வந்ததுலேருந்து ஒரு போனும் இல்லை. ஊரே சுகமா இருக்கு போலிருக்கே!”

“எல்லாம் உங்க ராசி சார்” என்று மேலாளர் நெளிந்தார்.

மூச்சிரைக்க ஓடிவந்த ஜாவாக்கா, திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “சார்... எதை நிறுத்தினீங்க?”

மேலாளர் கண்ணாலேயே அவளை அடக்கினார். அதற்குள் டைரக்டரின் செல்போன் ஒலித்தது. வீட்டிலிருந்து மனைவி.

“சொல்லும்மா... என்னது, அப்பாவுக்கா? நெஞ்சு வலியா? எனக்கு எதுக்குப் போன் பண்றே, முதல்ல ஆம்புலன்சைக் கூப்பிடு!”

மறுமுனை சொன்னதைக் கேட்டு அவர் முகம் வெளிறியது. சும்மா உட்கார்ந்திருந்த நான்கு பேரையும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காளாம்... கால் மணி நேரமா.”