சுருக்குக் கம்பி

"இந்தக் குழாய் வித்தையெல்லாம் எங்கிட்ட வேண்டாம், டாக்டரே!" என்றார் பஞ்சாபகேசன், பருப்பு வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டே.

செக்ரட்டேரியட்டில் அடுத்தவர் எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தே ரிட்டயர் ஆனவர் அவர். மனுஷர்களைப் பார்த்தாலும் அடிக்க வேண்டிய வரி மாதிரிதான் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் சத்தியதாஸும் அப்படித்தான் தெரிந்தார்.

போன வாரம் குடலுக்குள் மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் பெருங்குடலுக்குள் ஒரு கட்டி தெரிந்தது. எடுக்கலாமா, வேண்டாமா? இன்று பதில் சொல்ல வேண்டும்.

"ரத்தம் போகுதுல்லா சார். கட்டி இப்ப நெல்லிக்கா அளவுதான். விட்டு வச்சா புத்துநோயா மாறிரும், பாத்துக்கிடுங்க."

"மூலச்சூடு ஓய்! மோர்ல வெந்தயத்தைப் போட்டுக் குடிச்சா நின்னுடும். வயத்தைக் கிழிச்சு எடுக்கறதானாலும் ஒரு மரியாதை உண்டு. கத்தி பிடிக்கத் தெரியாதவாளெல்லாம் குழாயைத் தூக்கிண்டு வந்துட்டேள்."

சத்தியதாஸுக்குக் கோபம் வரவில்லை. ஒரு காகிதத்தை இழுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

"இந்தக் குழாய் நம்ம சுண்டுவிரல் கனம்தான் சார். உள்ள தலைமுடி மாதிரி கண்ணாடி இழை, கட்டுக் கட்டா. ஒரு கட்டு வெளிச்சத்தை உள்ள கொண்டு போவும். இன்னொண்ணு படத்தை நம்ம கண்ணுக்குக் கொண்டு வரும். குழாய் எப்படி வளைஞ்சாலும் வெளிச்சம் பக்கத்துல ஒழுகாது. இழைக்குள்ளயே முட்டி முட்டி மறுமுனைக்குப் போயிரும்."

"பேஷ்! கண்ணாடியை வயத்துக்குள்ள விடப் போறீராக்கும்."

"குழாய்க்குள்ளயே ஒரு ஓட்டை உண்டு. அது வழியா மெல்லிசான கம்பி போவும். நுனியில சுருக்கு. கட்டிக்குக் காம்பு இருக்குல்லா, அந்தக் காம்புல சுருக்கை மாட்டி மெதுவா இறுக்கணும்."

"தூண்டில் போடறீர்! வேளிக் காயல்ல போய்ப் போடும் ஓய், மீனாவது கெடைக்கும்."

சத்தியதாஸ் சிரித்தார். "இறுக்கிட்டு, கம்பியில கரண்ட் விடணும். அதுதான் இதுல அழகு சார். வெறும் கத்தின்னா வெட்டின இடத்துல ரத்தம் கொட்டும். இதுல சூடு முதல்ல காம்பை வேக வைக்கும். உள்ள ஓடுற ரத்தக்குழாய் அடைஞ்சிரும். அப்புறந்தான் காம்பு அறுந்து விழும். குடலோட உள்தோலுக்கு அந்தச் சூடு தெரியவும் தெரியாது."

"கரண்டா? ரெண்டு தூத்தல் போட்டா எங்காத்துப் பக்கம், கோட்டைக்குள்ள, ஒரு விளக்கு எரியாது. இந்த ஊர்க் கரண்டை நம்பியா வயத்தைக் கொடுப்பா?"

"ஜெனரேட்டர் இருக்கு சார். முந்தின நாள்லேருந்து வயிறு காலியா இருக்கணும், அவ்வளவுதான் கஷ்டம்."

பஞ்சாபகேசன் வேஷ்டியில் ஒட்டியிருந்த வடைத் துணுக்கைத் தட்டிவிட்டார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் படத்தில் சுருக்கை இன்னொரு சுற்று அழுத்தி வரைந்தார்.

"எல்லாம் கேட்டாச்சு. எங்காத்துக்காரி எங்கே போய்த் தொலைஞ்சா? ஃப்ளாஸ்க்கை எடுத்துண்டு காபி வாங்கப் போனவளைக் காணலை. வடையில ஒண்ணு எடுத்துக்கோடின்னா, சோமவார விரதமாம், நேத்தே தொடங்கிட்டா. மூளைக்கும் சேத்து விரதம். ஒரு காபி வாங்கத் துப்பில்லை!"

அவர் எழுந்தார். சத்தியதாஸ் உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் சார். குழாயோட நுனியை எப்படித் திருப்புறோம்னு இன்னும் சொல்லலியே!" என்றார்.

"மதி, மதி! போதும் உம்ம பிரசங்கம்."

"வெளியில ஒரு சின்ன சக்கரம் உண்டு. அதைத் திருப்பினா உள்ள நுனி தலையாட்டும். யானைத் தும்பிக்கை மாதிரி..."

"என்ன சொன்னாலும் இந்தக் கட்டியைத் தொட விடமாட்டேன். புரிஞ்சுதா?"

"நோயாளியோட சம்மதம் இல்லாம நாங்க தொடவே மாட்டோம், சார்."

"அப்படி வழிக்கு வாரும்! சம்மதம் கெடையாது. நானாக்கும் சொல்றேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. உள்ளே பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தாள் பஞ்சாபகேசனின் மனைவி விஜயம். நர்ஸ் தலையசைத்ததும், சத்தியதாஸ் யானைத் தும்பிக்கையைப் பாதியில் விட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"எங்கேடி காபி? கொட்டையை வறுத்து அரைக்கப் போயிட்டயா?" என்று சீறினார் பஞ்சாபகேசன்.

விஜயம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை மேஜைமேல் வைத்தாள். உள்ளே தெளிந்த திரவத்தில் நெல்லிக்காய் அளவில் ஏதோ மிதந்தது. கருகிய காம்பும் இருந்தது.

"இது... இது யாரோடது?"

விஜயம் காலி ஃப்ளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தாள்.

"என்னோடது. சம்மதமும் நான்தான் சொன்னேன். விரதம் முடிஞ்சுது, போய் எனக்கு ஒரு காபி வாங்கிண்டு வாங்கோ."