லட்ச ரூபாய் ஓட்டை

"களவு போன சாமான் என்னன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க சார். எழுதணும்லா," என்றார் இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாள்.

"விளையாட்டு," என்றார் கிருபாநிதி.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நானும் விளையாடல சார்."

மேஜைமேல் ஒரு நீளப் பெட்டி. உள்ளே நெருக்கியடித்து நின்ற அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் பொடிப்பொடியாக ஓட்டைகள்.

கிருபாநிதி அமெரிக்காவில், கம்ப்யூட்டர் என்கிற மின்மூளை உள்ள ஆபீஸ் ஒன்றில் மூன்று வருஷம் இருந்துவிட்டு நாசரேத்துக்குத் திரும்பியவர். தூத்துக்குடி வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். வாலிபர் சங்கத்தில் 'மனித மூளையும் மின்மூளையும்' என்று பேசிப் பொன்னாடை வாங்கியவர். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த அட்டைகளை மின்மூளைக்குள் விட்டால், டெலிவிஷன் பெட்டியில் ஒரு வெள்ளைப் பொட்டு பந்துபோல ஓடும். இரண்டு பேர் அதைத் தட்டித் தட்டி ஆடலாம்.

ஸ்டேஷனில் இருந்த யாரும் அதுவரை டெலிவிஷனையே பார்த்ததில்லை.

"அந்தப் பொட்டு எங்கன இருக்கு?"

"ஓட்டையில."

இன்ஸ்பெக்டர் ஒரு அட்டையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எதிர்த்த சைக்கிள் கடைதான் தெரிந்தது.

"இத எழுதினது யாரு?"

"நான்தான். மூணு வருஷம் ராப்பகலா உக்காந்து எழுதினது. இதுல உள்ள ஒவ்வொரு ஓட்டையும் என் மூளையிலேர்ந்து வந்தது."

இன்ஸ்பெக்டர் மரியாதையோடு தலையாட்டிவிட்டு ஏட்டைக் கூப்பிட்டார். "தனராஜு, இது விளையாட்டு அட்டையாம். உள்ள கொண்டுபோய் ஒண்ணுவிடாம எண்ணும்வே."

தனராஜ் பெட்டியோடு உள்ளே போனார்.

பிடிபட்டுச் சுவரோரம் குத்தவைத்திருந்த ரோச் பெருமூச்சு விட்டான். ஆத்தூரில் பஸ் நின்றபோது, ஸீட்டில் இடம்பிடிக்கப் பெட்டியை வைத்துவிட்டுக் கிருபாநிதி காபி குடிக்க இறங்க, இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துக் கப்பல் சாமான் என்று தூக்கியவன் அவன்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கடை விடாமல் காட்டியும் விலை போகவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி, பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது, ஓட்டை வழியாகக் கடுகு கொட்டிவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"சரி, மதிப்பு எவ்வளவு போட?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு லட்சம்."

ரோச்சுக்கு வேர்த்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மட்டும் சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பம் பெரிய கேஸு. பெட்டி கோர்ட்டுக்குப் போயிரும். கேஸ் முடிஞ்ச பொறவு நீங்க வாங்கிக்கிடலாம். போன தடவ பிடிச்ச வலம்புரிச் சங்கு நாலு வருஷமா கோர்ட்டு அலமாரியிலதான் கெடக்கு."

கிருபாநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பீச் ரோட்டு லாட்ஜில் பம்பாய் டெலிவிஷன் கம்பெனிக்காரர் காத்திருந்தார். அவர் ஏறும் சாயங்கால ரயிலுக்குள் பெட்டி அவர் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால், கிருபாநிதிக்குத் தருவதாகச் சொன்ன பெரிய எஞ்சினியர் வேலை இல்லை.

"லட்சம்னது அமெரிக்காவுல. இங்க ஒரு ஆயிரம் வரும்," என்றார்.

ஆயிரத்துக்கும் கோர்ட்டுதான் என்றார் இன்ஸ்பெக்டர். நூறு? அதற்கும் அதேதான். பத்து ரூபாய் என்று கிருபாநிதி சொன்னபோது குரல் பாதிதான் வந்தது. பத்து ரூபாய் களவும் களவுதான் என்று பதில் வந்தது. கிருபாநிதி கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமே பெறாது சார். பழைய ஓட்டை அட்டை."

"இதத்தான்யா காலையிலேர்ந்து நானும் சொல்லுதேன்," என்றான் ரோச்.

ஒன்றும் பெறாத சாமானுக்குக் களவு ஏது? இன்ஸ்பெக்டர் எழுதிய தாளைக் கிழித்துப்போட்டார். ரோச் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யாரும் மனம் மாறுவதற்குள் வெளியேறினான்.

தனராஜ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "ஆயிரத்து இருநூறு. ஒண்ணு கொறையல."

அன்றைக்கு முதல்முறையாகக் கிருபாநிதி சிரித்தார்.

"எண்ணி முடிச்சு, மொறப்படி மூணு தடவ கலைச்சும் வச்சிருக்கேன் சார். எண்ணின சீட்டக் கலைக்காம குடுத்தா ஆட்டத்துல சந்தேகம் வந்துரும்லா."

கிருபாநிதி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "வரிசை... வரிசை மாறினா விளையாட்டு ஓடாதே. சாயங்கால ரயிலுக்குள்ள இத ஒருத்தர்கிட்ட குடுக்கணும் சார்."

"இதுக்குப் போயி ஏன் சார் மொகம் வாடுதீங்க?" இன்ஸ்பெக்டர் ஆறுதலாகச் சொன்னார். "ஒவ்வொரு ஓட்டையும் ஒங்க மூளையிலேர்ந்து வந்ததுதானே. ரயிலுக்கு நேரம் கெடக்கு. இங்கனயே இருந்து அடுக்கிருங்க. தனராஜு, சாருக்கு அந்த பெஞ்ச ஒதுக்கிக் குடும்வே."

கிருபாநிதி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு அட்டையை எடுத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். எது மேல், எது கீழ் என்று பிடிபடவில்லை.

அந்த அமெரிக்க ஆபீஸில் மூன்று வருஷமாக அவர் பார்த்த உத்தியோகம், இந்த மாதிரிப் பெட்டிகளைக் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குச் சுமப்பது. கடைசி நாளன்று ஒரே ஒரு பெட்டியை மட்டும் மாடிக்குப் பதிலாக வாசலுக்குச் சுமந்துவிட்டார்.