இன்ஸ்பெக்டரின் பல்வலி

இன்ஸ்பெக்டர் இன்றைக்குத் தனியாக வரவில்லை. இரண்டு போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு பல் டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

டாக்டரம்மாவின் கணவனுக்கு அப்போதே முகம் வெளுத்துவிட்டது. சீட்டு எழுதி ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவன் வேலை. இந்த மூன்று பேரை அனுப்பலாமா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

"அப்பவே சொன்னேன்" என்பதுபோல் மனைவியைப் பார்த்தான். உண்மைதான், சொன்னான். தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

விஷயம் இதுதான். டாக்டரம்மா கும்பிடுகிற சாமி அரசாங்கத்துக்கு ஆகாத சாமி. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுத்தவர் காதில் போட்டால் மூன்று வருஷம் ஜெயில்.

அவர்களுடைய பிரார்த்தனைக் கூடத்தின் கதவை உதைத்துத் திறந்து, உள்ளே இருந்தவர்களை அடித்துத் துரத்தி, பூட்டுப் போட்டுவிட்டுப் போனவர் இதே இன்ஸ்பெக்டர்தான். அன்று விழுந்த அறையில் கணவனுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குப் பல்வலி வந்தது. பல்வலிக்குப் போலீஸ் என்றும் பொதுஜனம் என்றும் தெரியுமா? ஊரிலோ இருப்பது ஒரே பல் டாக்டர்.

முகம் பூசணிக்காயாக வீங்கி வந்து உட்கார்ந்தவருக்கு, டாக்டரம்மா வலிக்காமல் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினாள். பழி வாங்குவதாக இருந்தால் வாங்கியிருக்கலாம். குறடு அவள் கையில்தானே இருந்தது. பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து, "அரைமணி நேரம் இறுக்கிக் கடிச்சுக்கிட்டு இருங்க சார். பேசவே கூடாது" என்றாள்.

எல்லாருக்கும் சொல்வதுதான். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அரைமணி நேரம் பேசாத இன்ஸ்பெக்டர் யாருக்குக் கிடைப்பார்?

பயந்துகொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆண்டவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கதவை உதைத்தது தப்பு என்றாள். அதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்றாள். வந்து கேட்டால் மன்னித்துவிடுவார், உங்களுக்கும் அவர் தகப்பன்தான் என்றாள்.

பஞ்சுக்குப் பின்னாலிருந்து உறுமல் வந்தது. இன்ஸ்பெக்டரின் கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்தன. ஆனால் ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே ஜீப் வரும் என்று கணவன் துணிமணியை மூட்டை கட்டி வைத்தான். ஜீப் வரவில்லை. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். இப்படியே மாதக்கணக்கில் வந்தார். ஒவ்வொரு முறையும் அவர் வாயில் எதையாவது வைத்து அடைத்துவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"புலி வாயில தலையைக் கொடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ கையை விட்டுக் குடையுற" என்று கணவன் புலம்பினான்.

இன்றைக்கு அந்த வாயில் பஞ்சு இல்லை. இன்ஸ்பெக்டர் உட்காரவும் இல்லை. தொப்பியைக் கழற்றாமல், போலீஸ்காரர்கள் காதிலும் விழும்படி கேட்டார்.

"டாக்டரம்மா, இங்க வர்றவங்களுக்கு நீங்க சாமி கதை சொல்றதா மேலிடத்துக்குப் புகார் போயிருக்கு. உண்மையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னால் நின்ற கணவன் சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிய வேகத்தில் மின்விசிறி தோற்றது.

இல்லை என்கிற சொல் அவளுக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால், வாயை அடைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை நாள் கேட்டதெல்லாம் பொய் என்று ஆகிவிடுமே என்று நினைத்தாள்.

"எல்லார்கிட்டயும் இல்ல சார். உங்ககிட்ட சொன்னேன்" என்றாள். "இன்னும் முடிக்கல."

போலீஸ்காரர்களில் ஒருவர் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு முனகினார்.

"பல்லு உயிர் போகுது. புகாரை அப்புறம் பாத்துக்கலாம். எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்துங்க. நான் கூப்பிடுற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

கதவைச் சாத்தினார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து, வலிக்கிற பல்லை விரலால் தொட்டுக் காட்டினார்.

டாக்டரம்மா குனிந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடியின் காம்பால் அதை லேசாகத் தட்டினாள். இன்ஸ்பெக்டர் துடித்துப் போனார்.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு பெரிய பஞ்சாகப் பார்த்து எடுத்தாள்.

தூங்கப் போகும்போது கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள் என்று சொல்லி, போன மாதம் அவளே மாட்டிவிட்ட பல் அது.